ஒரு சாண் இடத்துக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர்

அத்தியாயம் பதினான்கு

அக்டோபர் மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. நாமக்கல்லில் காலை ஏழு மணிக்கே வானம் வெளுத்துப் புழுங்கியது. கொல்லிமலைப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. ஆனால் மூன்று நாள்களாகவே அது திரண்டுகொண்டு மட்டும்தான் இருந்தது; பெய்யும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த மேகத்துக்கும் தன் கணவன் ராசுவுக்கும் அதிக வேறுபாடு இல்லை என்று சத்யபிரியா எண்ணிக்கொண்டாள்.

பரமத்தி சாலையில் நாற்பது ஆண்டுகளாக லாரிகளுக்குப் பாடி கட்டிவரும் அவள் மாமனார் சின்னண்ணனின் பட்டறையில், முன்புறமாகப் பத்துக்குப் பத்து அளவில் ஓர் அறை உண்டு. பழைய டயர்கள் கிடந்த அந்த அறையைத் தன் கையாலேயே கழுவிச் சுண்ணாம்படித்து, லாரிகளுக்கு கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் பொருத்தும் தொழிலை அவள் தொடங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன.

சென்ற வாரம், அறுபது லாரிகளுக்கு உரிமையாளரான கண்ணுசாமி தம் புதிய லாரியொன்றை மாதிரி பார்ப்பதற்காக அவளிடம் ஒப்படைத்தார். வேலை பிடித்துவிட்டால் அறுபது லாரிகளும் அவளுக்கே. அதே இடத்தில், அதே மூச்சில், மாமனாரும் அவளிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார்: புது வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் அறையைக் காலி செய்துவிட வேண்டும்.

அந்த அறையை டீக்கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகளின் தொழிலைவிட டீயில் சின்னண்ணனுக்கு நம்பிக்கை மிகுதி.

கேமராக்களைக் கண்ணாடியில் பொருத்தும் வேலை புதன்கிழமையே முடிந்துவிட்டது. எஞ்சியவை இரண்டே. டேஷ்போர்டின் முகப்பில் ஒரு சிவப்பு அவசரப் பொத்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பதிவுப் பெட்டி.

பெட்டிதான் சிக்கல். ஏ.சி. குழாய்க்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்துக்கும் இடையில் ஒரு சாண் இடமே இருந்தது. கை நுழையும், மணிக்கட்டு திரும்பாது. சாதாரணத் திருப்புளியைக் கொண்டு கால் திருகு, கால் திருகாக முடுக்கியதில் ஒரே ஒரு ஸ்க்ரூவுக்கு அரைமணி நேரம் போயிற்று. அதுவும் கோணலாக நின்றது. அதைக் கழற்றிவிட்டாள். பட்டறையின் டிரில் கன்னோ, மூக்கை மட்டும் உள்ளே நீட்டிவிட்டு பேட்டரியோடு வெளியே நின்றது.

ஆகவே, கைக்குள் அடங்கும் ஒரு சிறு பேட்டரி ஸ்க்ரூ டிரைவரை வாங்குவதென்று அவள் தீர்மானித்தாள். அத்தீர்மானத்தைக் காலைச் சாப்பாட்டின்போது கூறியதுதான் அவள் செய்த பிழை.

"ஒத்தை ஸ்க்ரூ முடுக்கறதுக்கு ஒரு மிசினா?" என்றார் மாமியார் வள்ளியாத்தாள், இட்லித்தட்டை நகர்த்தியபடி. "நாங்கெல்லாம் கத்தி முனையிலயே முடுக்கிப்போட்டு வேலையப் பாத்தவிய."

"அதானுங்கத்தை, இந்த ஊட்டுல ஒரு கத்திக்கும் முனை இல்ல," என்றாள் சத்யபிரியா.

ராசு சிரித்தான். தகப்பனார் நிமிர்ந்து பார்த்ததும் அச்சிரிப்பைச் சட்னியோடு சேர்த்து விழுங்கினான்.

"நானும் வாரேன்," என்றார் சின்னண்ணன். "பொம்பளைய ஒத்தையில உட்டா கடைக்காரன் தலையில மொளகா அரைச்சுருவான்."

சின்னண்ணன் எந்தப் பொருளையும் எடையைக் கொண்டே மதிப்பிடும் வழக்கமுடையவர். தேங்காயாயினும் பூட்டாயினும் முதலில் கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். மனிதர்களையும் அவர் அவ்வாறே மதிப்பிட்டார். மெலிந்த தேகமுடைய மருமகள் அவருடைய தராசில் எட்டு ஆண்டுகளாகத் தாழவே இல்லை.

ராசு காரை ஓட்ட, மூவரும் போய் இறங்கியது சேலம் சாலையில் வேல்முருகன் என்பவரின் ஹார்டுவேர் கடையில். ராசிபுரத்தில் தறி நெய்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இப்போது ஆணி விற்கிறார். யார் நகைச்சுவை கூறினாலும் அவர் சிரிப்பார். வாங்குபவர் கூறினால் சற்று அதிகமாகச் சிரிப்பார்.

சத்யபிரியா ஓர் அட்டைப்பெட்டியைக் கண்ணாடி மேசையின்மீது வைத்தாள். முட்டை லோடு வந்த பெட்டி. டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள இடத்தை அளந்து, அதே அளவுக்கு வெட்டி ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"இதென்னம்மா, கோழிக்குஞ்சு வாங்க வந்தியா?" என்றார் சின்னண்ணன்.

வேல்முருகன் சிரித்தார்.

"இதுக்குள்ள போயி, ஸ்க்ரூவ முடுக்கிட்டு, திரும்பி வரணுங்க," என்றாள் அவள் கடைக்காரரிடம். "உள்ளதெல்லாம் எடுங்கண்ணா."

நான்கு கருவிகள் மேசைக்கு வந்தன. முதலாவது துப்பாக்கி வடிவில் இருந்தது. அதன் கைப்பிடி பெட்டியின் விளிம்பில் முட்டி நின்றது, அதை ஒதுக்கினாள். இரண்டாவது மெலிந்ததுதான். ஆனால் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தான் அதன் தலைப்பகுதியில் வளையமாக இருந்ததால், திருப்புவதற்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. ஒரு கை நுழைவதற்கே மன்றாட வேண்டிய இடத்தில் இரண்டாம் கையை எங்ஙனம் நுழைப்பது? அதையும் ஒதுக்கினாள்.

மூன்றாவது விலை மலிவு. அழகும் உண்டு.

"இதுல கிளட்ச் இருக்குதுங்களா?"

"அதில்லீங்கக்கா. ஆனா லைட்டு நல்லா எரியும்."

"லைட்டுக்கு டார்ச் வச்சிருக்கனுங்க."

நான்காவது ஒரு கைப்பேசியின் நீளமே இருந்தது. முன்னால் அழுத்தினாலே சுழன்றது; திசை மாற்றும் பொத்தான் கட்டைவிரலுக்கு அடியிலேயே அமைந்திருந்தது. கழுத்தில் ஆறு நிலைகள் கொண்ட கிளட்ச் வளையம். குறித்த இறுக்கம் வந்ததும் 'கட்' என்ற ஒலியோடு சுழற்சி தானாக நின்றுவிடும்.

"பாதி வேலையில சார்ஜ் தீந்துபோச்சுன்னா?"

"தண்டு அப்படியே பூட்டிக்கும்கா. கையால திருப்புளியாட்டம் திருகிக்கலாம். சார்ஜ் போட போன் வயரே போதும்."

அவள் தன் கையை அட்டைப்பெட்டிக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கருவியில் மாட்டிய திருகுமுனையான பிட்டின் காந்த நுனியில் ஒரு ஸ்க்ரூவைப் பொருத்தி, பெட்டியின் பின்சுவரில் முடுக்கினாள். பின்னர் அதே கையால் கழற்றினாள். மூன்று முறை அவ்வாறே செய்தாள். ஸ்க்ரூ ஒருமுறைகூடக் கீழே விழவில்லை.

சின்னண்ணன் அக்கருவியை வாங்கித் தம் உள்ளங்கையில் ஏந்தி, மேலும் கீழும் அசைத்தார். அவர் முகம் கோணியது.

"இது பல்லு வெளக்கறதா, மூக்கு மசுரு வெட்டறதா?"

வேல்முருகன் சற்று அதிகமாகச் சிரித்தார்.

"நீ லாரிக்கு வாங்கறயா, பொம்மைக் கண்ணாலத்துக்கு வாங்கறயா? தம்பி, அந்தா மேல இருக்குதே, அந்த இம்பாக்ட்ட எறக்கு."

இறக்கினார்கள். இடித்திடித்து முடுக்கும் அந்தப் பெரிய கருவி ஒரு சிறு பன்றிக்குட்டியின் பருமனில் இருந்தது. பெட்டியின்மேல் அதன் முறுக்குவிசை '180' என்று பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நூற்றெண்பது என்பது எதனுடைய அளவென்று சின்னண்ணன் அறியார். ஆனால் சிறு கருவியின் பெட்டியில் '5' என்றிருந்ததையும், ஐந்தைவிட நூற்றெண்பது பெரிதென்பதையும் அவர் அறிவார். அவருடைய ஞானத்துக்கு அவ்வளவே தேவையாயிருந்தது.

"அஞ்சு எங்க, நூத்தியெம்பது எங்க! கணக்குத் தெரியாதவளா நீ?"

"மாமா, அந்த எடத்துக்குள்ள இது போவாதுங்க."

"போவாட்டி எடத்தப் பெருசு பண்ணு. அந்தக் கொழாயில ரெண்டு அறுப்பு அறுத்தா ஆவாதா?"

"புது வண்டியிலயாங்க மாமா? கீறலே விழக்கூடாதுன்னு நீங்கதானுங்க வாக்கு வாங்குனீங்க."

வேல்முருகன் சிரிக்கவில்லை; இம்முறை எவர் வாங்குபவர் என்பது அவருக்குத் தெளிவாகவில்லை.

"டேய் ராசு, நீ சொல்றா," என்றார் சின்னண்ணன். "எது மிசினு?"

ராசு இம்பாக்ட்டைப் பார்த்தான், சிறியதைப் பார்த்தான். "ரெண்டுமே நல்லாத்தானுங்கப்பா இருக்குது," என்றான்.

இரண்டும் வாங்கப்பட்டன. பெரியதைத் தகப்பனார் வாங்கினார். சிறியதைச் சத்யபிரியா தன் பையிலிருந்து பணம் எடுத்து வாங்கினாள். 'நல்லாத்தானுங்கப்பா' என்ற சொல் திரும்பும் வழி நெடுகிலும் காருக்குள் புளித்த மாவைப்போல் நாறிக்கொண்டிருந்தது.

சின்னண்ணனின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புதிய கருவியாயினும் அதற்குக் குங்குமமிட்டு, அன்றைக்கு நிற்கும் வண்டியில் முதலாளி தம் கையால் முதல் ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். முடுக்கிய பின் விசையை விடாமல், தலை மரத்துக்குள் புதையும்வரை ஓர் அழுத்து அழுத்த வேண்டும். பலகை கட்டுகிறவர்களுக்கு அதுதான் கைராசி. தலை புதைந்தால் பாடி ஆடாது என்பது அவர்களுடைய சாத்திரம். பலகையைப் பொறுத்தவரை அது மெய்யுங்கூட.

மதியம் இரண்டரை மணிக்கு இம்பாக்ட்டின் நெற்றியில் குங்குமம் ஏறியது.

"என்றதுக்கும் ஒரு பொட்டு வைங்க மாமா," என்றாள் சத்யபிரியா. பணிவுக்காகத்தான் கேட்டாள்.

"பொம்மைக்கெல்லாம் பூசை கெடையாது, போ."

கண்ணுசாமி மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு கைப்பேசிகள். வந்தவர் நேரே வண்டியின் பின்பக்கம் சென்று, பின்கதவின் கொண்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலானார்.

கேபினுக்குள் சத்யபிரியா கிளீனர் பக்கத் தரையில் மல்லாந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைவிட்டு வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். ராசு திறந்த கதவின் அருகே படியில் நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது டிரைவர் பக்கமாகச் சின்னண்ணன் ஏறி இருக்கையில் அமர்ந்தார். அவர் மடியில் இம்பாக்ட் இருந்தது.

"அந்தச் செவப்புப் பொத்தான எங்க வைக்கோணும்?"

"மாமா, அது பிளாஸ்டிக்குங்க. அதை நானே..."

"மொதத் திருகு மொதலாளி கை. உன்ற அப்பன் பட்டறையா இது?"

"ஏனுங்க, சொல்லுங்க அப்பாகிட்ட!" என்றாள் அவள் ராசுவிடம், அடியிலிருந்தபடியே.

"ஒரு ஸ்க்ரூதான புள்ள," என்றான் ராசு.

சின்னண்ணன் பொத்தானை டேஷ்போர்டின் முகப்பில் வைத்தார், ஸ்க்ரூவை ஊன்றினார், விசையை அழுத்தினார். கருவி உறுமியது. ஸ்க்ரூ ஒரு நொடியில் இறங்கிவிட்டது. அத்துடன் நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையில்லை. ஆனால் நாற்பது ஆண்டுக் கைராசி நிறுத்துமா? தலை புதைய வேண்டுமே. அவர் ஓர் அழுத்து அழுத்தினார்.

காய்ந்த அப்பளத்தை முறித்தாற்போன்ற ஓர் ஓசை எழுந்தது.

பொத்தானின் அடியிலிருந்து ஏ.சி. துவாரம்வரை, ஒரு முழங்கை நீளத்துக்கு, புத்தம்புதிய டேஷ்போர்டு பிளந்திருந்தது.

"என்னப்பா சத்தம்?" என்று கேட்டபடி கண்ணுசாமி முன்பக்கம் வந்து, எட்டிப் பார்த்தார். "யாரு பண்ணுனது இது?"

சின்னண்ணன் சிறிதும் தயங்கவில்லை. தயக்கம் என்பது தவற்றை உணர்பவர்க்கு உரியது.

"அடியில இருந்து இவ தலைய நிமித்துனா பாருங்க, ஒரே முட்டு. சொன்னாக் கேட்டாத்தான? பொம்பளைக்கு எதுக்கு லாரி வேலைன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

சத்யபிரியா அடியிலிருந்து வெளியே வந்து, கூந்தலில் ஒட்டியிருந்த தூசைத் தட்டினாள். அவள் ராசுவைப் பார்த்தாள்.

கண்ணுசாமியும் அவனையே பார்த்தார். "ராசு, நீ இங்கதான நின்ன? இந்தம்மிணி முட்டுனதா?"

ராசுவின் கையில் கைப்பேசி இருந்தது. எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

"நான் போனப் பாத்துட்டு இருந்தனுங்க," என்றான். "கவனிக்கலீங்க."

அவன் பிடித்திருந்த கைப்பேசியின் திரை அணைந்திருந்தது.

கண்ணுசாமி நீதிமான் அல்லர். எவர் குடும்பத்திலும் நீதி வழங்க அவருக்கு நேரமும் இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக டிரைவர்களின் பொய்களைக் கேட்டுப் பழகியவர். சின்னண்ணனின் மடியில் இன்னும் சூடு தணியாமல் கிடந்த இம்பாக்ட்டையும், பிளாஸ்டிக்குக்குள் புதைந்துபோன ஸ்க்ரூவின் தலையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க சின்னண்ணா, தலையில முட்டுனா ஸ்க்ரூ உள்ள எறங்குமாங்க? இந்தம்மிணி தலையில என்ன பிட்டா மாட்டியிருக்குது?"

சின்னண்ணன் வண்டியின் கண்ணாடியினூடே சாலையைப் பார்த்தார். அங்கே அவருக்கு உதவக்கூடியது எதுவும் செல்லவில்லை.

இப்படியாக அந்தப் பொய் கால் நிமிடங்கூட உயிர்வாழவில்லை. அதைக் காப்பதற்காகத் தன் மனைவியை விற்ற ராசு, ஆதாயமற்ற வியாபாரத்தில் தன்னையும் விற்றுப் படியில் நின்றான். சத்யபிரியாவுக்கு அழுகை வரவில்லை. கோபங்கூட வரவில்லை. செருப்பின் அடியில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

"அரைமணி நேரம் குடுங்கண்ணா," என்றாள் கண்ணுசாமியிடம். "உள்பெட்டிய மாட்டிடறன். அதைப் பாத்துப்போட்டு என்ன வேணாப் பேசுங்க."

"ஒடச்ச வண்டியில இன்னும் என்னம்மிணி?"

"ஒடச்சது வேற கைங்க. என்ற கைய நீங்க இன்னும் பாக்கலீங்க."

கண்ணுசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, பாரு," என்றார். அந்தச் சொல்லில் நம்பிக்கை எதுவும் இல்லை.

அவள் கிளட்ச் வளையத்தை இரண்டாம் நிலையில் வைத்தாள். வலக்கையில் கருவியும், அதன் காந்த முனையில் ஸ்க்ரூவுமாக, ஒரு சாண் இடத்துக்குள் முழங்கைவரை நுழைந்தாள். கருவியின் சுழற்சி ஒரு வண்டின் ரீங்காரம் அளவுக்கே கேட்டது. பிறகு, 'கட்'. கை வெளியே வந்தது. அடுத்த ஸ்க்ரூவோடு உள்ளே சென்றது. மூன்றாவது சற்றுக் கோணலாக ஏறுவதைக் கைவிரல் உணர்ந்ததும் கட்டைவிரலால் திசையை மாற்றிக் கழற்றி, மீண்டும் நேராக ஏற்றினாள். நான்காவது 'கட்' கேட்டபோது கண்ணுசாமி தம் கைப்பேசிகள் இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டிருந்தார்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்னர் கையைவிட்டுப் பெட்டியைப் பலமாக இழுத்தார், அசைத்தார். வண்டி ஆடியது. பெட்டி ஆடவில்லை.

"ம்," என்றார்.

"வேலை நல்லாத்தான் இருக்கும்," என்றார் சின்னண்ணன், கீழே இறங்கி வேட்டியைச் சரிசெய்தபடி. மானக்கேடு அவரைக் கடந்துவிட்டிருந்தது. அவரிடம் தங்குவதற்கு அதற்கு இடம் கிடைக்கவில்லை. "ஆனா வாக்குன்னா வாக்கு. கீறல் உழுந்துச்சா இல்லையா? யாரு கைன்னு நான் சொல்லல. ரூமக் காலி பண்ணு."

கண்ணுசாமியே திடுக்கிட்டார். "ஏனுங்க, இது நாயமா?"

"ஊட்டு வெவகாரமுங்க இது. நீங்க உங்க பேனலப் பத்திப் பேசுங்க. புதுசு நானே மாத்தித் தாரேன்."

அப்போது சத்யபிரியா இரண்டாம் முறையாகவும் கடைசி முறையாகவும் தன் கணவனிடம் கேட்டாள். "கீறலு யாரு போட்டதுன்னு உங்க அப்பாவுக்குத் தெரியல போல. நீங்க சொல்றீங்களா?"

ராசு வயரின் நுனியை முறுக்கினான். "எதுக்குப் புள்ள பெருசு பண்ற? அந்த ரூமு இல்லாட்டி என்ன, ஊட்டுலயே ஒரு மூலையில..."

"சரிங்க," என்றாள் அவள். அச்சொல்லில் வெறுப்புக்கூட இல்லை. வெறுப்பதற்கும் எதிரில் ஒருவர் நிற்க வேண்டுமல்லவா?

அவள் கண்ணுசாமியின் பக்கம் திரும்பினாள். "வள்ளிபுரத்துல உங்க லாரி செட்டுல எனக்கு ஒரு மேசை போட எடம் இருக்குதுங்களாண்ணா?"

கண்ணுசாமி தாடையைச் சொறிந்தார். "அங்க பூராவும் ஆம்பளைங்க. வாயி ஒருமாதிரி பேசுவானுக."

"இங்கயும் அப்படித்தானுங்க."

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மூணு வண்டி நிக்கும். வந்தா வேலை உனக்கு. ஆறே கால் ஆச்சுன்னா வேற ஆளுதான். அம்மிணி கிம்மிணின்னெல்லாம் பாக்கமாட்டேன்."

"வாரேனுங்க."

"வள்ளிபுரம் போறவ அப்படியே போயிரு!" சின்னண்ணனின் குரல் பட்டறைத் தகரத்தில் மோதித் திரும்பியது. வெல்டிங் வேலையில் இருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். "கண்டவன் செட்டுல வேலை பாக்கறவ என்ற ஊட்டுப் படிய மிதிக்கப்படாது. ஆமா, சொல்லிப்போட்டன்."

பேச வேண்டியவன் படியிலிருந்து இறங்கி நின்றான்.

சத்யபிரியா தன் கருவிகளைப் பைக்குள் எடுத்து வைத்தாள். அறையைப் பூட்டி, அதன் சாவியைக் குங்குமம் பூசிய இம்பாக்ட்டின்மீது வைத்தாள். பிறகு ராசுவின் எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"ஸ்கூட்டர் சாவி."

அவன் உடனே சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தகப்பனாரின் முகத்தைப் பாராமல் அன்று முழுவதும் அவன் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஸ்கூட்டர் பட்டறையின் வாயிலுக்கு வந்தது. இடப்பக்கம் திரும்பினால் வீடு. வலப்பக்கம் திரும்பினால் தம்மம்பட்டிக்குச் செல்லும் வழி, அங்கே அவள் பிறந்தகம். தம்மம்பட்டியிலிருந்து ஆறு மணிக்குள் வள்ளிபுரம் வந்து சேர, பொழுது விடிவதற்கு வெகுமுன்பே புறப்பட வேண்டும். வாயிலில் அவள் ஒரு கணம்கூட நிற்கவில்லை, வலப்பக்கம் திரும்பினாள்.

அப்போது மணி நான்கு இருபத்திரண்டு.